காசில் ஏறிய களிம்பு: வாசகர் கேள்வி – பதில்

பழைய செப்புக்காசுகளைச் சுத்தம் செய்வது, பாதுகாப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பல கடிதங்கள் காசைத் தேய்த்து முடித்த பிறகு எழுதப்பட்டவை. அதனால் முதல் கேள்விக்குச் சற்று நீட்டியே பதில் சொல்கிறோம்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் செப்புக்காசுகள் சில கிடைத்தன. சில கறுத்திருக்கின்றன, சிலவற்றில் பச்சை பிடித்திருக்கிறது. ஒன்றை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்று வந்துவிட்டது. மற்றவற்றையும் அப்படியே செய்யலாமா?

வேண்டாம். தேய்த்த அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பளபளப்பு புதுப்பொலிவு போலத் தோன்றும். ஆனால் காசின் மேல்தோலே உரிந்து போனதால் வந்தது அது.

செம்பு காற்றையும் ஈரத்தையும் தொட்டதும் அதன் மேற்பரப்பு முதலில் குப்ரைட் என்கிற சிவந்த ஆக்சைடாக மாறும். நாள் செல்லச் செல்ல அதன் மேல் கறுப்பு ஆக்சைடோ, மாலகைட் என்கிற பச்சைக் கார்பனேட்டோ படரும். இதை வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காசின் உலோகமேதான் இப்படி உருமாறி நிற்கிறது. எழுத்தின் விளிம்பு, உருவத்தின் கண், மூக்கு, தலைமுடிக் கோடுகள் எல்லாம் இந்த மெல்லிய அடுக்கில்தான் தங்கியிருக்கின்றன. எலுமிச்சையோ வினிகரோ புளிக்கரைசலோ, எந்த அமிலமானாலும் அந்த அடுக்கைக் கரைத்துவிடும். எழுத்தின் விளிம்பும் சேர்ந்தே போய்விடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே உங்கள் காசைப் பாருங்கள். பச்சை இருந்த இடங்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரியும். நிறமும் செம்பின் பழுப்பாக இராது, வெளிறிய ரோஜாச் சிவப்பாக இருக்கும். பித்தளைக் காசென்றால் இன்னும் மோசம். துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறிவிட, செம்பு மட்டும் திட்டுத்திட்டாகச் சிவந்து நிற்கும். நாணயத் தரச்சான்று தரும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் தரம் கொடுப்பதில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுவார்கள்.

உப்பு சேர்த்ததுதான் எங்களுக்குக் கூடுதல் கவலை. உப்பில் உள்ள குளோரைடு இப்போது அந்தக் குழிகளுக்குள் இருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் வெண்கல நோய்க்கு அதுதான் விதை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, காசை அரை மணி நேரம் அதில் போட்டு வையுங்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில், தினம் ஒரு முறை நீரை மாற்றி, ஒரு வாரம் ஊறட்டும்.

கேள்வி: அப்படியானால் பழைய காசு ஒன்று கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கையைக் கட்டிக்கொண்டு நன்றாகப் பார்க்க வேண்டும். இரு பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். எடையை 0.01 கிராம் வரை குறித்து வையுங்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. அதை நீரில் ஊறவைத்தால் முலாமுக்கு அடியில் துரு கிளம்பும்.

அடுத்து, காசுக்குள் எவ்வளவு உலோகம் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டி ஓசை கேட்பதும் தரையில் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே உளுத்துப்போன காசு இரண்டாகப் பிளந்துவிடும். அடர்த்தியைப் பாருங்கள். தராசின் மேல் நீருள்ள கோப்பையை வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 9.80 கிராம் காசு 1.10 கிராம் காட்டினால் அடர்த்தி 8.9, நல்ல திடமான செம்பு. அதே காசு 1.45 காட்டினால் அடர்த்தி 6.8 தான். பெரும்பகுதி தாதுவாக மாறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காசை ஊறவைப்பதிலும் தூரிகை போடுவதிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இனி நீர். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கண்ணாடிக் கிண்ணத்தில், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள். குழாய் நீரில் குளோரைடு இருக்கும், அது ஆகாது. தினமும் நீரை மாற்றி மூன்று முதல் ஏழு நாள். முதல் நாள் மட்டும் காரமில்லாத திரவச் சோப்பு ஒரு சொட்டு விடலாம். இளகிய மண்ணை ஓவியத் தூரிகையால், நீருக்குள் வைத்தே, தட்டித்தட்டி எடுங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. மண்ணில் உள்ள மணல் துகள் செம்பைவிடக் கடினமானது. ஒரே தேய்ப்பில் நூறு கீறல் போட்டுவிடும்.

வெளியே எடுத்ததும் இழை உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சுத்த அசிட்டோனில் ஐந்து நிமிடம். அது பிசுக்கைக் கரைப்பதோடு நுண்ணிய துளைகளில் நிற்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். நகச்சாய நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தாதீர்கள். அசிட்டோனைக் கண்ணாடிக் குடுவையில் மட்டும் ஊற்றுங்கள். அடுப்பும் விளக்குச் சுடரும் இல்லாத, காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்துகளின் இடுக்கில் அடைந்து கிடப்பது, மூங்கில் பல்குச்சிக்கு விட்ட வேலை. குச்சியின் நுனியை எத்தில் ஆல்கஹாலில் நனைத்து, லென்ஸின் கீழே, இடுக்கில் வைத்து மெல்லத் திருகுங்கள், சுரண்ட வேண்டாம். நுனி மழுங்கினால் சீவிக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். பச்சை கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்து, அதன் மேலேயே எழுத்து தெரிந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அதுதான் காசின் இன்றைய முகம்.

கேள்வி: நகை கழுவும் அல்ட்ராசானிக் கருவியில் போடலாமா?

அடர்த்தி 8.5-க்கு மேல் உள்ள, விரிசல் இல்லாத காசை, தனியாக, காய்ச்சி வடித்த நீரில் ஒரு நிமிடம் போடலாம். உளுத்த காசைப் போட்டால் பச்சைப் படலம் செதில் செதிலாகக் கழன்று நீரில் மிதக்கும். பல காசுகளைச் சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று மோதி விளிம்பு நசுங்கும்.

கேள்வி: என் காசுகளில் ஒன்றில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. துடைத்தால் போய்விடுகிறது, ஈரமான நாட்களில் மறுபடி வருகிறது. மற்றொன்றில் கரும்பச்சை இருக்கிறது, அது மாறுவதே இல்லை. இரண்டும் ஒன்றா?

இரண்டும் வேறு. கரும்பச்சையாக, கெட்டியாக, ஊசிமுனை பட்டாலும் பொடியாகாமல் நிற்பது மாலகைட். அது காசுக்குப் போர்வை, அப்படியே விடுங்கள். தொட்டால் மாவு போல உதிர்ந்து, அடியில் குழி காட்டும் வெளிர்பச்சைதான் ஆபத்தானது. அதற்கு வெண்கல நோய் என்று பெயர். பெயரில்தான் வெண்கலம்; செம்பு, பித்தளை எதையும் விடாது.

நடப்பது இதுதான். மண்ணிலிருந்தோ வியர்வையிலிருந்தோ உப்பிலிருந்தோ வந்த குளோரைடு, சிவப்பு ஆக்சைடு அடுக்குக்கு அடியில் செம்போடு சேர்ந்து செம்பு(I) குளோரைடாக உட்கார்ந்துகொள்கிறது. நான்டோகைட் என்பது அதன் பெயர்; சாம்பல் நிறத்தில் மெழுகு போல இருக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதை எட்டும்வரை எந்தச் சத்தமும் இல்லை. எட்டியதும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் பக்கத்திலுள்ள நல்ல செம்பைத் தின்று மறுபடி செம்பு குளோரைடை உண்டாக்குகிறது. குளோரைடு தீர்ந்துபோவதே இல்லை, சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. பொடி முன்பிருந்ததைவிட அதிக இடம் பிடிப்பதால் மேல் அடுக்கை நெம்பி உடைக்கிறது. துடைத்தால் போய், மறுபடி வருவதன் காரணம் இதுதான். நீங்கள் புகையைத் துடைக்கிறீர்கள், நெருப்பு உள்ளே இருக்கிறது.

ஒப்பு ஈரப்பதம் 42 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்த மாற்றம் நடப்பதில்லை. 42 முதல் 46-க்குள் மெல்லத் தொடங்கும். 55-ஐத் தாண்டினால் வேகமெடுக்கும். சந்தேகம் உள்ள காசை, நனைத்த பஞ்சு ஒன்றோடு, அதைத் தொடாதபடி மூடிய டப்பாவில் 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி முளைத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. பச்சையை முதலில் குச்சியால் சுத்தமாக எடுத்துவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அப்போதுதான் புதியது எது, பழையது எது என்று தெரியும்.

கேள்வி: வெண்கல நோயைக் குணப்படுத்த வழி உண்டா? அளவுகளோடு சொல்லுங்கள்.

உண்டு, பொறுமை வேண்டும். வாரங்கள் பிடிக்கும், சில காசுகளுக்கு மாதங்களும் ஆகும். அன்றே உதவக்கூடியது உலர்த்துவது மட்டும். ஆகவே காசை முதலில் சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் போட்டுவிட்டு மற்ற ஏற்பாடுகளைக் கவனியுங்கள்.

பொடியைக் குச்சியாலும் ஊசியாலும் லென்ஸின் கீழே எடுப்பது முதல் படி. குழியின் அடியில் மெழுகுச் சாம்பல் தெரிந்தால் அதையும் எட்டும்வரை எடுங்கள். கையால் எடுக்கும் ஒவ்வொரு துணுக்கும் ஊறவைக்கும் நாட்களைக் குறைக்கும். பொடியை மூச்சில் இழுக்காதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது செஸ்குவிகார்பனேட் ஊறல். சலவைச் சோடா என்கிற சோடியம் கார்பனேட்டும் சமையல் சோடாவும் சேர்ந்ததுதான் சோடியம் செஸ்குவிகார்பனேட். 5 விழுக்காட்டுக் கரைசலுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 23 கிராமும் சமையல் சோடா 19 கிராமும் கரைக்க வேண்டும். உங்களிடம் இருப்பது கண்ணாடிக் கல் போன்ற சலவைச் சோடாப் படிகமானால் 23 கிராம் போதாது, 63 கிராம் வேண்டும். படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் நீர். பலர் கோட்டைவிடும் இடம் இது. வாசனையும் வெண்மையூட்டியும் சேர்த்த சலவைத்தூள் எதுவும் கூடாது.

காசு முழுக மூழ்கும்படி ஊற்றி மூடி வையுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை கரைசலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. காரக் கரைசல் குழியில் உள்ள அமிலத்தை முறிக்கிறது; செம்பு குளோரைடை மெல்ல ஆக்சைடாக மாற்றி, குளோரைடை நீருக்குள் இழுக்கிறது. கரைசல் லேசாக நீலம் பூத்தால் பயப்பட வேண்டாம். அடர்நீலமானால் நல்ல பச்சைப் படலமும் கரைகிறது என்று பொருள், காசை எடுத்துவிடுங்கள். சில காசுகளில் நீலப்பச்சைப் படிகங்கள் புதிதாகப் படியும். அது இந்த ஊறலின் பக்கவிளைவு. பின்னால் கழுவும்போது தூரிகையால் தளர்த்திவிடலாம்.

எப்போது நிறுத்துவது? பழைய கரைசலில் 10 மில்லி எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, நுரை அடங்கி லிட்மஸ் தாள் சிவக்கும்வரை விடுங்கள். பிறகு 1.7 விழுக்காட்டுச் சில்வர் நைட்ரேட் கரைசல் ஐந்து சொட்டு. கறுப்புத் துணியை பின்னால் வைத்துப் பாருங்கள். பால் போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் வெளியேறுகிறது. அமிலம் விடாமல் சோதித்தால் கார்பனேட்டே கலங்கலைக் கொடுத்து ஏமாற்றிவிடும். காசு படாத புதுக் கரைசலையும் இதே போலச் சோதித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சோடாவிலேயே கொஞ்சம் குளோரைடு இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி தெரியும் நாளில் ஊறல் முடிந்தது. சில்வர் நைட்ரேட் பட்ட தோல் கறுத்துவிடும், கையுறை கட்டாயம்.

இனிக் காரம் போக வேண்டும். காய்ச்சி வடித்த நீரில், தினமும் மாற்றி, காரச்சோதனைத் தாள் நடுநிலை காட்டும்வரை ஊறவிடுங்கள். அசிட்டோனில் நனைத்து எடுத்து, விளக்கின் கீழே சில மணி நேரம் உலர்த்துங்கள். இதில் அவசரப்பட்டால் அடுத்த படி வீணாகிவிடும்.

அடுத்த படி பென்சோட்ரையசோல் என்கிற அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள். 1967-இல் மேட்சன் என்ற பாதுகாப்பு வல்லுநர் இதை வெண்கல நோய்க்குப் பயன்படுத்தி எழுதியதிலிருந்து அருங்காட்சியகங்களில் வழக்கத்தில் இருக்கிறது. 100 மில்லி எத்தில் ஆல்கஹாலில் 3 கிராம் கரைத்து, நன்கு உலர்ந்த காசை மூடிய கண்ணாடிக் குடுவையில் 24 மணி நேரம் அதில் வையுங்கள். செம்போடு சேர்ந்து இது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். எடுத்ததும் ஆல்கஹாலில் ஒரு முறை அலசுங்கள். அலசாவிட்டால் வெள்ளைப் படிகம் பூத்து நிற்கும். இது குளோரைடை அகற்றுவதில்லை, அமிலம் மிஞ்சிய குழியில் பிடிப்பதும் இல்லை. ஊறலைத் தவிர்த்துவிட்டு நேராக இதற்கு வந்தவர்களின் காசில் நோய் திரும்புவது அதனால்தான். பென்சோட்ரையசோல் உடலுக்குத் தீங்கானது. நைட்ரைல் கையுறை, காற்றோட்டம் இரண்டும் வேண்டும். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

மறுபடி ஈரச் சோதனை 24 மணி நேரம். புள்ளி வராவிட்டால் நுண்படிக மெழுகை மென்தூரிகையால் மிக மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள். குழிகள் நிறைந்த, பலவீனமான காசுக்கு மெழுகுக்கு முன்னால் பாரலாய்டு பி-72 என்கிற பிசினை 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் கரைத்து இரண்டு பூச்சு கொடுக்கலாம். வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே எடுத்துவிடலாம். புள்ளி வந்தால் மெழுகு பூசாமல் திரும்ப ஊறலுக்குப் போங்கள். மெழுகு நீராவியை முழுக்கத் தடுக்காது. நோயை உள்ளே வைத்து மூடினால், உங்கள் கண்ணில் படாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: வெண்கல நோய் பக்கத்துக் காசுக்குத் தொற்றுமா?

கிருமி போலத் தொற்றாது. ஆனால் உதிர்ந்த பொடியில் குளோரைடு இருக்கிறது. அது விழுந்த காசில் ஈரமும் சேர்ந்தால் அங்கேயும் தொடங்கலாம். தனியாக வையுங்கள், தட்டை துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆலிவ் எண்ணெயில் ஆறு மாதம் ஊறவைத்தால் தீங்கில்லாமல் சுத்தமாகும் என்கிறார்களே?

மெல்ல நடக்கிறது என்பதால் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலிவ் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் உண்டு. சில வாரங்களில் எண்ணெய் பச்சையாவதைப் பார்த்து ‘அழுக்கு இறங்குகிறது’ என்று மகிழ்கிறார்கள். இறங்குவது காசின் செம்பு. ஊறிய காசு கறுத்தும் போகும், துளைகளுக்குள் புகுந்த எண்ணெயை எடுக்க அசிட்டோனில் பல முறை ஊறவைக்க வேண்டியிருக்கும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெயைப் பயன்படுத்துங்கள். அது செம்போடு வினைபுரியாது, மண்ணை மட்டும் தளர்த்தும். வெண்கல நோய்க்கு இரண்டுமே மருந்தாகாது.

கேள்வி: செல்போன் சார்ஜரை வைத்து உப்புநீரில் மின்பகுப்பு செய்தேன். பத்து நிமிடத்தில் பச்சை முழுக்கப் போயிற்று, ஆனால் காசிலிருந்த முகமும் போய்விட்டது. எங்கே தவறு?

முகம் இருந்தது அந்தப் பச்சைக்குள். மண்ணில் நெடுங்காலம் கிடந்த காசில், அச்சடித்த நாளின் மேற்பரப்பு பெரும்பாலும் சிவப்பு ஆக்சைடுக்கும் பச்சைக்கும் இடையில்தான் நிற்கும். அடியில் மிஞ்சிய உலோகம் கரையான் தின்ற மரம் போல மேடுபள்ளமாக இருக்கும். மின்சாரம் இந்த அடுக்குகளுக்குள் வேறுபாடு பார்ப்பதில்லை. மொத்தத்தையும் கழற்றிவிட்டு அந்த உலோகத்தை வெளியே காட்டுகிறது. கரைந்த செம்பு மறுபடி இளஞ்சிவப்புப் பொடியாகக் காசின் மேலேயே படியவும் செய்யும். இழந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

உப்பு போட்டதால் வேறொரு ஆபத்தும் உண்டு. நேர்மின் முனையில் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது நுரையீரலைப் பாதிக்கும். அந்த நேர்மின் முனையாக எவர்சில்வர் கரண்டியைப் போட்டிருந்தால் நஞ்சான குரோமியச் சேர்மமும் கரைசலில் சேரும். அந்த நீரை வெறுங்கையால் தொடாதீர்கள். காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரம் ஊறவைத்து, உலர்த்தி, ஈரச் சோதனை செய்துவிட்டு வையுங்கள்.

கேள்வி: மண்ணில் கிடைத்த காசு ஒன்றில் கல் போல வெள்ளைப் படிவு. இன்னொன்று முழுக்கப் பச்சைக் கட்டி, எழுத்தே தெரியவில்லை. இவற்றைப் பிரிக்க ஏதாவது செய்ய முடியுமா?

வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டை 5 விழுக்காடு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஊறவையுங்கள். அது கால்சியத்தைப் பிடித்துக் கரைசலுக்கு இழுக்கும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, தளர்ந்ததைக் குச்சியால் எடுங்கள். செம்பின் பச்சையையும் ஓரளவு தாக்கும் என்பதால் இரவு முழுக்க மறந்து விட்டுவிடக் கூடாது. சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பச்சைக் கட்டிக்கு லென்ஸும் கூரிய சிறு கத்தியும் போதும் என்பதே எங்கள் கருத்து. கத்தியின் முனையைக் கட்டியின் மேல் செங்குத்தாக வைத்து லேசாக அழுத்தினால், நல்ல காசில் பச்சை செதிலாகத் துள்ளி விழும். அடியில் சாக்லேட் நிறத்திலோ செங்கல் நிறத்திலோ வழவழப்பான பரப்பு தெரியும். அது குப்ரைட். எழுத்து அங்கேதான் இருக்கிறது, அதைக் கீறாதீர்கள்.

கத்தியால் ஆகாது என்று உறுதியான பிறகே ராஷெல் உப்புக் கரைசலுக்குப் போக வேண்டும். ஒரு லிட்டர் நீரில் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் 150 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 50 கிராம். ஹைட்ராக்சைடை நீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அதன் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. இந்தக் கரைசல் பச்சையைக் கரைத்து, சிவப்பு ஆக்சைடைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை காசை எடுத்து அலசிப் பாருங்கள், முதல் எழுத்து தெரிந்ததும் நிறுத்துங்கள். பச்சை போன காசு நிறமிழந்து அழகு குறைந்துதான் தெரியும். எழுத்தே படிக்க முடியாத காசுக்கு மட்டும் இது நியாயம். அடர்த்திச் சோதனையில் தோற்ற காசுக்கு வேண்டாம். அதில் பச்சைதான் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குப் பழைய பழுப்பு நிறத்தைத் திரும்பக் கொடுக்க முடியுமா?

கந்தகச் சேர்மங்களால் நிமிடங்களில் கறுக்க வைக்க முடியும். ஆனால் அந்த நிறம் சீராக, உயிரில்லாமல் இருக்கும், பழகிய கண்ணுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். சொல்லாமல் கைமாற்றினால் அது ஏமாற்று. காசை நன்றாக அலசி உலர்த்தி, மெழுகு பூசாமல், தூசி படாத உலர்ந்த இடத்தில் திறந்து வையுங்கள். சில ஆண்டுகளில் தானே பழுக்கும். கையால் தொடும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். பளிச்சென்ற செம்பில் பட்ட விரல் ரேகை சில நாட்களில் பழுப்பாகத் தெளிந்து, பிறகு போகவே போகாது.

கேள்வி: ஆல்பத்தில் வைத்த காசுகளில் பச்சைப் பிசின் போல ஏதோ ஒட்டுகிறது. எதில், எப்படி வைக்க வேண்டும்?

உங்கள் ஆல்பத்தின் தாள் பி.வி.சி. பிளாஸ்டிக். மிருதுவாக, வளைந்து கொடுத்து, புதுப் பிளாஸ்டிக் வாசனை வீசினால் பெரும்பாலும் அதுதான். மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிகிறது, பிளாஸ்டிக்கும் மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. இரண்டும் செம்போடு சேர்ந்ததுதான் அந்தப் பிசின். இன்றே எல்லாக் காசுகளையும் வெளியே எடுங்கள். பிசின் ஒட்டியவற்றை அசிட்டோனில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, புது அசிட்டோனில் அலசுங்கள். பிசின் கரைந்துவிடும். அதற்கு அடியில் அரித்த குழி இருந்தால் அது இருக்கும்.

பாலிஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிதீன் உறைகள் பாதுகாப்பானவை. அட்டைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் ஊசி போடுபவர்கள் ஊசியின் முதுகைக் குறட்டால் தட்டையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். ரப்பர் வளையம் கூடாது, அதன் கந்தகம் செம்பைக் கறுக்க வைக்கும். ஓக் மரப்பெட்டி அசிட்டிக் அமில ஆவியை விடும், அதுவும் கூடாது.

எல்லாவற்றையும் ரப்பர் இல்லாத, இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் வைத்து, காசுகளின் எடைக்குச் சமமான எடையில் சிலிக்கா ஜெல் போடுங்கள். அரை கிலோ காசுக்கு அரை கிலோ ஜெல். மூச்சு விடும் துணிப்பையில் கட்டி, காசைத் தொடாமல் வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நீல நிறத்தில் இருப்பது கோபால்ட் குளோரைடு சேர்த்தது; குளோரைடும் நஞ்சும் காசுப் பெட்டிக்குள் எதற்கு? உள்ளே ஒரு சிறு ஈரமானி அட்டை வையுங்கள். அது 35 விழுக்காட்டைத் தாண்டினாலோ ஜெல் நிறம் மாறினாலோ, ஜெல்லை மட்டும் எடுத்து 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கி, ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். சூட்டோடு போட்டால் டப்பாவுக்குள் வெப்பமும் ஈரமும் ஏறும். நோய் கண்டு தேறிய காசுகளை முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை லென்ஸில் பாருங்கள். குழிகளின் ஓரத்தை முதலில் பாருங்கள், பொடி கிளம்பினால் அங்கேதான் கிளம்பும்.